கங்காணியின் விரல்

அகதா வரைந்த படங்களுக்கு அகதாவின் புருஷனைப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருந்தார் அர்ச்சுனன்.

"கோட்டுல உயிர் இருக்கு மிஸ்டர் ஸ்டானிஸ்லாஸ். ஆனா உங்க கைக்கு அடக்கம் பத்தலை" என்றார். ஸ்டானிஸ்லாஸ் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். ஊசி போடவும், காய்ச்சலுக்குக் கொயினா கலக்கவும், புண்ணுக்குக் கட்டுப் போடவும் தெரிந்த கை அது. கோழிமுட்டை ஒன்றை உருப்படியாக வரையத் தெரியாது. "சரிங்க" என்றார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த அகதாவுக்குக் காது மடல் சூடேறியது. உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக, "இதெல்லாம் நான் வரைஞ்சது" என்று அவள் சொல்லத்தான் சொன்னாள். அர்ச்சுனன் சிரித்தபடி, "அம்மா நல்ல ரசனை உள்ளவங்க" என்று சொல்லிவிட்டுப் படங்களை ஸ்டானிஸ்லாஸ் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். அதற்குமேல் என்ன செய்வது? நாற்காலிமேல் ஏறி நின்று கத்துவதா? புருஷனாவது வாயைத் திறப்பார் என்று பார்த்தாள். அவர் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளையார்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் வருஷம். ரப்பர் விலை ஏறி, துரைமார் பழைய மோட்டாரைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்கிக்கொண்டிருந்த காலம். மலாயாவில், ஈப்போ பழைய டவுனில், லகாட் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் 'கிந்தா வர்த்தமானி' என்ற வாரப் பத்திரிகையின் அச்சுக்கூடம் இருந்தது. அதில் விகடப் படம் போடுகிறவர் இந்த அர்ச்சுனன். பத்திரிகைக்குப் பாதி முதலாளியும் அவரே. மதராஸ் பத்திரிகைகளில் படம் போட்டுப் பெயர் எடுத்தவர் என்பது ஊர்ப்பேச்சு. அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான். மேசைமேல் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வைத்திருந்தார். கோபக்காரனை வரைய வேண்டுமென்றால் கண்ணாடியைப் பார்த்துத் தானே கோபித்துக்கொண்டு அதை வரைவாராம். அகதா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அதில் அவருடைய பெருமை முகம் ஒன்றுதான் தெரிந்தது.

"விகடப் படம் வரையும் நம்மவர்கள் தங்கள் படங்களோடு நேரில் வந்தால் குற்றங்குறை எடுத்துச் சொல்லப்படும்" என்று வர்த்தமானியில் அறிவிப்பு வந்ததிலிருந்து அகதாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஸ்டானிஸ்லாஸ் டிரசர். டாக்டர் என்று ஒருவர் எப்போதாவது எட்டிப் பார்ப்பார். மற்றபடி நோவு, பேறு, சாவு எல்லாவற்றுக்கும் டிரசர்தான். ஆஸ்பத்திரிப் பஞ்சைச் சுற்றி வருகிற நீலத்தாளை அகதா நீவி எடுத்து வைத்துக்கொள்வாள். அதன் வெள்ளைப் பக்கத்தில் படம் வரைவாள். கொயினா குடித்துக் கசந்த வாயோடு வரும் பெண்கள் பின்பக்கமாக வந்து, "இன்னிக்கு யாரைப் போட்டிருக்கீங்க டிரசரம்மா?" என்று கேட்பார்கள்.

அவள் படங்களில் எழுத்து கிடையாது. எழுதினால் படிக்க யார் இருந்தார்கள்? படத்தைக் கீழே விரித்தால் போதும். ஒருத்தி கணக்கு எழுதும் கிராணியாகப் பேசுவாள், இன்னொருத்தி துரைசாணியாகப் பேசுவாள், வேறொருத்தி துரையின் நாயாகக் குரைப்பாள். நேற்று ஒரு பேச்சு, இன்று வேறு பேச்சு. சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு போவார்கள். இப்படித்தான் அந்தத் தோட்டத்தில் படம் பார்த்தார்கள்.

அர்ச்சுனனிடம் அவள் தலையணை உறைக்குள் வைத்துக் கொண்டுவந்த படங்களில் ஒன்று பெரட்டுப் படம். விடியற்காலையில் கூலிகளை வரிசையாக நிறுத்தி ஆள் எண்ணுகிற இடம்தான் பெரட்டு. வந்து நிற்கிற தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தோட்டம் தலைக்காசு கொடுக்கும். அதனால் கங்காணி உடையப்பனுக்கு மனுஷர்கள் கண்ணில் படுவதில்லை, தலைகள்தான் படும். அகதாவின் படத்தில் அவன் இடக்கை விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டே வருகிறான். ஒரு கிழவர், அவர் பக்கத்தில் வேலைக்கு வந்தது போலவே நிமிர்ந்து நிற்கும் ஒரு வெள்ளாடு, பிறகு பால்மரம் வெட்டும் ராக்காயி. அவளோடு எண்ணிக்கை முடியவில்லை. ராக்காயியின் ஏழு மாசத்து வயிற்றில் வலக்கை விரலை வைத்து, இன்னொரு தலை என்று கண்கள் மின்னப் பார்க்கிறான்.

தோட்டத்தில் அதை விரித்தபோது ராக்காயி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "ஐயோ டிரசரம்மா! பொறக்குறதுக்கு முந்தியே எம் புள்ளைய வேலைக்கு அனுப்பிட்டான் லா!" என்றாள். கல்யாணமாகி வெகுநாள் கழித்து உண்டான பிள்ளை. புருஷன் சன்னாசியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, "இந்தா, உம் மகன்" என்று படத்தின் வயிற்றைக் காட்டினாள்.

அந்தப் படத்தைத்தான் அர்ச்சுனன் இப்போது கையில் வைத்திருந்தார்.

முதலில் தூரிகையை மையில் தோய்த்துப் படத்தின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்தார். ஆரம்பத்தில் மெலிசு, நடுவில் தடிப்பு, கடைசியில் மறுபடி மெலிசு. "பென்சில் கோடு அச்சுல ஏறாது. நம்ம பிளாக்கு, அதான் அச்சுக்கட்டை, மரத்துல வெட்டுறது. கறுப்புன்னா கறுப்பு, வெள்ளைன்னா வெள்ளை. பாரம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கோட்டைத் தடிக்க வைக்கணும்" என்றார். சொல்லிக்கொண்டே ராக்காயியின் இடுப்புக் கோட்டின்மேல் ஒருமுறை தூரிகையை ஓட்டினார். வயிற்றின் கனம் அப்படியே இடுப்பில் இறங்கிவிட்டது.

நல்ல வித்தைதான். ஆசாமிக்குத் தொழில் தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அகதாவும் சொல்லவில்லை. அந்த ஒரு கோட்டுக்காகவே ரயிலேறி வந்தது தகும் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். அந்த நிமிஷத்தை நினைத்துப் பிற்பாடு அவள் பல்லைக் கடித்ததுண்டு.

"அடுத்தது முகம்" என்றார் அர்ச்சுனன். "இது யாரோ ஒரு ஆளோட முகம். விகடப் படத்துல ஆள் தெரியக்கூடாது, இனம்தான் தெரியணும். துரைன்னா தொப்பி, சுருட்டு. செட்டின்னா தொப்பை. கூலின்னா குச்சிக் காலு, பிதுங்கின கண்ணு, கையில கள்ளுக் கலயம். பாத்ததும் பளிச்சுன்னு சிரிப்பு வரணும். நீங்க கூலிச்சிய ராணி மாதிரி நிக்க வச்சிருக்கீங்க. இதுல எங்க சிரிப்பு?"

"அவ அப்படித்தான் நிப்பா" என்றாள் அகதா. "அவ பேரு ராக்காயி. சிரிப்பு அவகிட்ட இல்லைங்க, கங்காணிகிட்ட இருக்கு."

அர்ச்சுனன் ஸ்டானிஸ்லாஸைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "வீட்டுல நல்ல வக்கீல் வச்சிருக்கீங்க" என்றார். பிறகு ஆட்டின்மேல் விரலை வைத்தார். "இது எதுக்கு? அனாவசியம். கங்காணிமார் நம்ம சந்தாதாரர்கள் தம்பி. அவங்க வாங்கலைன்னா தோட்டத்துக்குள்ள பேப்பர் போறது ஏது? அவங்களையே ஆட்டை எண்ண வச்சா நல்லா இருக்குமா? எல்லாத்துக்கும் மேல பெரிய குறை ஒண்ணு. உங்க படத்துக்கு வாய் இல்லை. கீழே ரெண்டு வரி இருந்தாத்தான் படம் பேசும்."

"எங்க ஆளுங்க பாத்தே பேசிருவாங்க" என்றாள் அகதா.

அதற்குப் பதில் சொல்ல அவர் சிரமப்படவில்லை. "படங்கள் கொஞ்ச நாள் இங்கே இருக்கட்டும். திருத்தி வைக்கிறேன்" என்று புருஷனிடம் சொன்னார். புருஷன் தலையாட்டினார். அகதா மற்ற படங்களை வாரித் தலையணை உறைக்குள் போட்டுக்கொண்டாள். பெரட்டுப் படம் மட்டும் அவர் முழங்கைக்கு அடியில் இருந்தது. அதைப் பிடுங்கிக்கொள்ளக் கை துடித்தது. நாலு பேர் பார்க்கிற இடம் என்று விட்டுவிட்டாள்.

ரயிலில் அவள் பொரிந்து தள்ளினாள். "உங்க கைக்கு அடக்கம் பத்தலையாம்! சரிங்க, சரிங்கன்னு கேட்டுக்கிட்டீங்களே, அது யாரு கைன்னு சொல்ல நாக்கு வரலையா?"

"நீ சொன்னியே, அவரு நம்பலையே" என்றார் ஸ்டானிஸ்லாஸ். "நான் வேற சொல்லி, பொம்பளை வரைஞ்சதுன்னு தூக்கி எறிஞ்சிட்டா? உனக்காகத்தான் சும்மா இருந்தேன்." பாவம், அவர் அதை மனதார நம்பினார். நல்ல மனுஷர்கள் வாயை மூடிக்கொண்டு செய்கிற கெடுதல் இருக்கிறதே, அதற்கு அளவே கிடையாது.

அந்த மாசக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. ராக்காயிக்குக் காலும் முகமும் வீங்கியிருந்தன. அவளுக்கு மேடேறி மரம் வெட்டுகிற வேலை வேண்டாம், கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் புல்லு வேலை போதும் என்று ஸ்டானிஸ்லாஸ் கங்காணியிடம் சொல்லியிருந்தார். ஆளைக் குறைத்துவிட்டால் மேட்டுக்காட்டில் யார் மரம் வெட்டிப் பால் எடுப்பது? உடையப்பன் அவளைப் பெரட்டில் நிறுத்தினான், எண்ணினான், பால் வாளியோடு மேட்டுக்கு ஏற்றினான். "ஊர் உலகத்துல இல்லாத புள்ளத்தாச்சி! எல்லாம் வேசம்" என்று எல்லார் காதும் கேட்கச் சொன்னான். வழுக்குப் பாறையில் அவள் விழுந்ததைப் பார்த்த செல்லாயியும் மற்றப் பெண்களும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார்கள்.

ஆண் பிள்ளை. மூச்சில்லை. ஸ்டானிஸ்லாஸ் கையில் எடுத்தார், அகதா துணியில் சுற்றினாள். சன்னாசி வாங்கிக்கொண்டு போய்க் காட்டோரமாகப் புதைத்துவிட்டு வந்தான். ராக்காயிக்கு அப்போது நினைவில்லை. கண் விழித்தபோது பிள்ளையின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டாள். அகதா சொன்னாள். மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னாள்.

உடையப்பன்தான் பிள்ளையைக் கொன்றான் என்று லயத்தில் பேச்சு எழுந்தது. கொஞ்ச நாள் அவன் பெண்கள் பக்கம் தலை தூக்காமல் நடந்தான். துரை காதுவரை போகும் என்றார்கள். சுங்கை சிப்புட்டுக்கு வருகிற தொழிலாளர் ஆபீஸ் துரையிடம் சொல்லலாம் என்று சன்னாசி சொல்ல, நாங்களும் வருகிறோம் என்று சிலர் சொல்லியிருந்தார்கள்.

அந்தச் சமயம் பார்த்து வர்த்தமானி வந்தது.

முதல் பக்கத்திலேயே பெரட்டுப் படம். ஆட்டைக் காணோம். ஆடு நின்ற இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. மற்றதெல்லாம் அகதா போட்ட கோடுதான், ராக்காயியின் நிமிர்ந்த கழுத்து உட்பட. படத்துக்கு அர்ச்சுனன் வாய் வைத்திருந்தார்: "வேலைக்குச் சோம்பி வயிற்றில் துணியைக் கட்டி வந்த கூலிச்சியின் வேஷத்தைக் கங்காணியார் விரலால் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தல்." அதற்கும் கீழே, "சித்திரம் எழுதியவர்: தோட்டத்து டிரசர் ஸ்ரீ ஸ்டானிஸ்லாஸ்."

அகதா அதைப் படித்தபோது சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கஞ்சி காலில் கொட்டியது. அவளுக்குச் சுட்டது தெரியவில்லை. என் கோட்டை எடுத்து, என் கையாலேயே அவள் வயிற்றில் குத்திவிட்டானே படுபாவி! ஆட்டை அழித்ததைத் தவிர ஒரு கோட்டைக்கூட மாற்றவில்லையே, அப்படியே எடுத்துப் பொய் சொல்ல வைத்துவிட்டானே! வாய்விட்டுக் கத்தினாள். வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் பெரட்டில் உடையப்பன் பத்திரிகையைக் கொடி மாதிரி உயர்த்திப் பிடித்தான். கிராணியை விட்டு உரக்கப் படிக்கச் சொன்னான். "நான் சொன்னப்ப நம்பலை. இப்ப யாரு சொல்றா? வைத்தியம் பாத்த டிரசர் அய்யாவே பேப்பர்ல போட்டுட்டாரு. வயித்துல இருந்தது துணி!" என்றான். சில ஆண்கள் சிரித்தார்கள். உண்மை தெரிந்தவர்களுக்குத் தெரியும். செல்லாயிக்குத் தெரியாதா, தூக்கி வந்தவளுக்கு? ஆனால் தொழிலாளர் ஆபீசுக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தவர்களுக்கு நல்ல சாக்குக் கிடைத்தது. டிரசரே இப்படி எழுதிவிட்டால் நாம் என்ன சாட்சி சொல்ல?

ஸ்டானிஸ்லாஸ் வெலவெலத்துப் போனார். ஆனாலும் அன்று பெரட்டுக்குப் போனார், அதைச் சொல்ல வேண்டும். "புள்ள இருந்தது. என் கையில எடுத்தேன்" என்றார். உடையப்பன் கைகட்டி நின்று வெகு பணிவாகக் கேட்டான்: "அப்ப பேப்பர்ல பொய்யா போட்டீங்கய்யா? துரைகிட்ட அப்படியே சொல்லிரவா?" வரைந்தது நான் இல்லை என்று சொல்ல அப்போதும் ஸ்டானிஸ்லாஸுக்கு நாக்கு வரவில்லை. ஆம் என்றால் பொய்யர், இல்லை என்றால் துணி.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பீடோரில் இருந்த ராக்காயியின் நாத்தனார் ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள்: "துணியைப் பெத்தாளாமே எங்க அண்ணன் பொண்டாட்டி!"

அதைக் கேட்ட அன்று ராக்காயி டிரசர் வீட்டுக்கு வந்தாள். வாசலோடு நின்றுகொண்டாள். "உங்க படம்தானே அது?" என்று கேட்டாள்.

"என் படம்தான். எழுத்து என்னுது இல்லை" என்றாள் அகதா.

"யாரு எழுத்து?"

"ஈப்போவில ஒருத்தன். அவன்கிட்டதான் காட்டப் போனேன்."

"நம்ம பாத்துச் சிரிச்சது பத்தலையா டிரசரம்மா? அவன் என்னத்தச் சொல்லணும்னு தூக்கிட்டுப் போனீங்க?"

ராக்காயி முந்தானையை இழுத்துச் செருகினாள். "அவன்கிட்டயே போலாம்" என்றாள்.

ஸ்டானிஸ்லாஸையும் சேர்த்து மூவருமாக ஈப்போவுக்கு ரயிலேறினார்கள். அச்சுக்கூடத்து வாசலில் அவர்களைப் பார்த்ததும் அர்ச்சுனன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க மிஸ்டர் ஸ்டானிஸ்லாஸ்! பாத்தீங்களா, ஒரே படத்துல ஊரெல்லாம் உங்க பேரு! கோலா கங்சாரிலிருந்து, தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து கங்காணிமார் கேட்டு எழுதியிருக்காங்க. படத்தை மட்டும் தனித்தாளா அடிக்கிறோம். லயத்துக்கு லயம் ஒட்டப் போறாங்களாம். அந்தா, ஓடிக்கிட்டு இருக்கு பாருங்க."

பின்னறையில் அச்சு இயந்திரம் தடதடத்துக்கொண்டிருந்தது.

"அதை நிறுத்துங்க" என்று ஒரு குரல் கேட்டது. ஸ்டானிஸ்லாஸின் குரல். அவருக்கே அது புதிதாக இருந்திருக்கும். "அந்தப் படம் நான் வரைஞ்சதில்லை. இவ வரைஞ்சது. அன்னிக்கே சொன்னா. நீங்களும் கேக்கலை, நானும் சொல்லலை. அதுல இருக்கிற பொண்ணுக்கு வயித்துல துணி இல்லை. புள்ளை இருந்துச்சு."

அர்ச்சுனன் அகதாவை முதல்முறையாக நேரே பார்த்தார். கோபம் வரவில்லை அவருக்கு; ஒரு பெரிய மனுஷச் சிரிப்புதான் வந்தது. "அம்மாவா! பேஷ். அடுத்த படத்துல உங்க பேரையே போட்டுடலாம். இதுக்குப் போயி ஏன் மனஸ்தாபம்? இது விகடம் அம்மா. யாருடைய வயிறுன்னு யாரு பாத்தா? கூலி ஜனங்களே விழுந்து விழுந்து சிரிக்குது. வேணும்னா கேட்டுப் பாருங்க." சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் கண்ணுக்கு அங்கே கூலி ஜனம் என்று ஒருத்தி அகப்பட்டாள். "இந்தாம்மா, நீ தோட்டத்து ஆளுதானே? இங்க வா."

ஒரு தனித்தாளை எடுத்து ராக்காயியின் முகத்துக்கு நேரே பிடித்தார். எழுத்தை வாசித்துக் காட்டினார். 'துணியைக் கட்டி வந்த கூலிச்சி' என்ற இடத்தில் குரலை ஏற்றி இறக்கி, கண்ணை உருட்டினார். "எப்படி? சிரிப்பு வருதா இல்லையா? நீயே சொல்லு."

ராக்காயி தாளைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இது நானு" என்றாள். படத்தின் வயிற்றைத் தொட்டாள். "இது எம் மகன். செத்துப் போயிட்டான். நான் முகம்கூடப் பாக்கலை. சிரிக்கட்டுமா?"

அர்ச்சுனன் தாளைக் கீழே இறக்கினார். கண்ணாடியில் அப்போது தெரிந்த முகத்தை அவர் ஒருநாளும் வரைந்திருக்க மாட்டார். "எனக்கென்ன தெரியும்?" என்று முணுமுணுத்தார். "அடுத்த வாரம் உள்பக்கத்துல ஒரு வருத்தம் போட்டுடறேன். சின்னதா. கங்காணிமாரையும் பகைச்சுக்க முடியாது பாருங்க."

"பொய் முதல் பக்கத்துல, வருத்தம் உள்பக்கத்துல!" என்று வெடித்தாள் அகதா. "அதைப் படிச்சுக் காட்டச் சொல்லி எந்தக் கங்காணி பெரட்டுல நிப்பான்? என் படத்தைக் கொடுங்க. நான் போறேன்."

"படம் ஏது? கட்டை மேல ஒட்டி, அதோட சேத்து வெட்டியாச்சு. தாள் அப்பவே போச்சு. இனி இருக்கிறது கட்டைதான்."

சத்தம் கேட்டுப் பின்னறையிலிருந்து மரக்கட்டை வெட்டுகிற லோங் எட்டிப் பார்த்தார். கன்டோனியச் சீனர், காதில் பென்சிலும் கையில் உளியுமாக. தமிழில் ஓர் எழுத்து தெரியாது. ராக்காயியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. இந்த மூக்கை, இந்தக் கழுத்தை, இந்த நிற்பை இழை இழையாக மரத்தில் செதுக்கியவர் அல்லவா? உள்ளே ஓடி, இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, மை சொட்டச் சொட்டக் கட்டையைக் கழற்றி எடுத்து வந்தார். எழுத்துப் பாகம் அதில் இல்லை; அது ஈய அச்சு, இயந்திரத்திலேயே தங்கிவிட்டது. வெறும் படம்தான் அவர் கையில் இருந்தது.

கங்காணியின் மடக்கிய கைவிரல்களை முதலில் காட்டினார். பிறகு மலாயில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். "சத்து" என்று கிழவரைத் தொட்டார். "டுவா" என்று ராக்காயியின் தலையைத் தொட்டார். "தீகா" என்று வயிற்றைத் தொட்டுவிட்டு, கங்காணியின் பேராசையை நினைத்துக் குலுங்கிச் சிரித்தார். நல்ல படம், நல்ல படம் என்று தன் கட்டைவிரலை உயர்த்தினார்.

அகதா அர்ச்சுனனைத் திரும்பிப் பார்த்தாள். வாய் இல்லாத படம்! இதோ, ஒரு சொல் தமிழ் தெரியாதவர் பார்த்துப் பேசிவிட்டாரே. அவர் கண்ணுக்கு எட்டியது உன் கண்ணுக்கு எட்டாமலா போயிற்று? எட்டியது. எட்டியதால்தானே ஆட்டை அழித்தாய்?

லோங்கின் சிரிப்பு பாதியில் நின்றது. எதிரே நின்றவளின் வயிறு ஒட்டிக் கிடந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார். "அனாக்?" என்று மெல்லக் கேட்டார். பிள்ளை எங்கே?

ராக்காயி கையை விரித்துக் காட்டினாள்.

பிறகு அகதாவின் கையைப் பிடித்துக் கட்டைக்கு அருகே இழுத்தாள். "டிரசரம்மா, அவருகிட்ட சொல்லுங்க. எனக்கு வருத்தமும் வேணாம், பேப்பரும் வேணாம். எம் புள்ளைய மட்டும் இதுலேருந்து அறுத்துக் குடுக்கச் சொல்லுங்க."

அகதா தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னாள். லோங் அர்ச்சுனனைப் பார்க்கவில்லை. "போலே" என்றார், முடியும் என்று. மெல்லிய ரம்பத்தை எடுத்தார். "யோவ், யாரு சொல்லி அறுக்கிற? அடிக்க இன்னும் எவ்வளவோ கிடக்கு!" என்று அர்ச்சுனன் பாய்ந்தார். ஸ்டானிஸ்லாஸ் குறுக்கே போய் நின்றார். பெரிய வீரம் ஒன்றும் இல்லை, சும்மா நின்றார், ஆனால் நகரவில்லை.

ரம்பம் மரத்தில் இறங்கியபோது ராக்காயி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "அவன் விரலு எனக்கு வேணாம். விரலுக்கு இந்தப் பக்கமா" என்றாள். அகதா விரலால் கோடு காட்டினாள். லோங் அந்தக் கோட்டிலேயே அறுத்தார். மரத்தூள் மையோடு சேர்ந்து கறுப்பாக உதிர்ந்தது.

துண்டு தனியே வந்தது. மிச்சக் கட்டையில் உடையப்பன் ஓட்டையைச் சுட்டிக்கொண்டு நின்றான். அதை அர்ச்சுனன் எடுத்துப் பார்த்தார், இப்படியும் அப்படியும் திருப்பினார், எதற்கும் உதவாது என்று தெரிந்து கீழே வைத்தார்.

ராக்காயி துண்டை இரண்டு கையாலும் வாங்கினாள். மரத்தில் வயிற்றின் வளைவு ஒன்று மட்டும் புடைத்து நின்றது. அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ராக்காயி, மை காயலை. சேலையில ஒட்டிரும்" என்றாள் அகதா.

"ஒட்டட்டும்" என்றாள் ராக்காயி.